பித்தளையில் ஒரு கோடு

பொந்தியான் ரோட்டுப் பதினெட்டாங் கட்டை ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளையம்மாளுக்கு நோண்டி என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். பால்வாளி மூடி ஏன் ஒரு பக்கம் மட்டும் ஆடுகிறது, கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கடிகாரம் ஏன் மழைநாளில் பிந்துகிறது என்று எதையாவது கிண்டிக்கொண்டே இருப்பாள். ஒருமுறை ஸ்டோர் பூட்டு எப்படித் திறக்கிறது என்று பார்க்கப்போய், பிறகு அதை யாராலுமே திறக்க முடியாமல் போனது. அந்தக் கதையைச் சொல்லி, தொழிலாளர் குடியிருக்கும் லயமே இன்னும் சிரிக்கும்.

அவள் புருஷன் ஐயாசாமி தோட்டத்து ஜாகா, காவல்காரன். இளம் ரப்பர்க் கன்றுக் காட்டைக் கிண்டவரும் காட்டுப்பன்றிகளைச் சுடுவது அவன் வேலை. அதற்காகத் துரை ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி கொடுத்திருந்தார். அதே மாதிரி இன்னொன்று துரையிடமும் இருந்தது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். ஐயாசாமி சுட்டு ஒரு பன்றி விழுந்தால் அன்றைக்கு லயம் முழுக்க மிளகு வறுக்கிற வாசம் அடிக்கும். தோள்பட்டைக் கறி மட்டும் அவன் வீட்டுக்கு, மற்றதெல்லாம் வீட்டுக்கு ஒரு கூறு.

தோட்டாவில் துரைக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுட்டு முடித்த வெறுங்கூட்டை ஐயாசாமி திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். துரை பங்களா வராந்தாவில் உட்கார்ந்து, கூட்டின் வாலில் புதுக் கேப்பு அடித்து, மருந்து அளந்து போட்டு, வாயில் குண்டைச் செருகி, மறுபடி தோட்டாவாக்குவார். ஒரே கூடு மூன்று நான்கு தடவை வெடிக்கும். வாய் கீறிப்போன கூட்டைத்தான் தூக்கி எறிவார். எறிந்ததெல்லாம் வெள்ளையம்மாளுக்கு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கி, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, பூசை நாளில் ஒவ்வொன்றிலும் ஒரு ஊதுபத்தி செருகி வைப்பாள்.

ரப்பர் விலை குப்புற விழுந்த வருஷம் அது. வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக்கு ஒரு லாரி வரும். வேலை இல்லை என்று எழுதப்பட்டவர்கள் சட்டி பானையோடு அதில் ஏறுவார்கள். சிங்கப்பூர் போய், கப்பலேறி, நாகப்பட்டணம் போய்ச் சேருவார்கள். வெள்ளையம்மாள் பிறந்தது இதே தோட்டத்து மூன்றாம் லயத்தில். நாகப்பட்டணம் எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை லாரியில் ஐயாசாமி பெயரும் அவள் பெயரும் இருந்தன.

காரணம், போன வியாழக்கிழமை நடந்தது. விடிகிற நேரம், கன்றுக்காட்டில் ஒரு கிழப்பன்றியைக் குறிவைத்து ஐயாசாமி சுட்டான். குண்டு முன்னால் போனதோ இல்லையோ, நெருப்பும் புகையும் பின்பக்கமாக அவன் முகத்தில் அடித்தது. ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையில் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு மைல் தட்டுத்தடுமாறி வந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் பித்தளைத் தூளை ஊசியால் எடுத்துக் கட்டுப்போட்டார். பார்வை வருமா என்று பத்து நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

துரை துப்பாக்கியைப் பார்த்தார், அவனுடைய சேறு பூசிய தோள்பையைப் பார்த்தார், தீர்ப்பு எழுதிவிட்டார். துப்பாக்கிக் குழாய்க்குள் மண் ஏறியதைப் பார்க்காமல் சுட்டிருக்கிறான். கவனமில்லாதவன் கையில் துப்பாக்கி கிடையாது. ஜாகா வேலை இல்லையென்றால் வீடும் கிடையாது. தன் கையால் அடைத்த தோட்டாவில் தப்பு வரும் என்று அந்த மனுஷனுக்குக் கனவிலும் தோன்றாது!

செவ்வாய்க்கிழமை காலை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மரமெல்லாம் நனைந்ததால் பால்வெட்டு இல்லை. ஐயாசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"ஏ வெள்ள."

"என்னங்க?"

"அன்னிக்கு நான் குழாயப் பாத்தேனா?"

"பாத்தேன்னு நீங்கதானே சொன்னீங்க. துணி விட்டு இழுத்தேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப யோசிச்சா அது புதங்கிழமை இழுத்ததோன்னு இருக்கு. எல்லாரும் மண்ணு மண்ணுங்கறாங்க. நாந்தான் பாக்காம சுட்டுட்டேன் போலிருக்கு."

ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட இந்த மனுஷன் துணி விட்டு இழுக்காமல் துப்பாக்கியை வெளியே எடுத்ததில்லை. கையில் சோறு இருந்தாலும் அதை வைத்துவிட்டு எழுந்துபோய் இழுப்பான். கண் போனதைவிட அவன் தன்னையே நம்பாமல் போனது அவளை அதிகமாகச் சுட்டது.

"கெழங்கு ஆறிப்போகும், சாப்பிடுங்க," என்று நெத்திலிச் சம்பலோடு தட்டை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு கை சும்மா இருக்காமல் கூடுகளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

அன்று வெடித்த தோட்டாவின் வால்துண்டும் அவளிடம் இருந்தது. கூடு இரண்டாக அறுந்து, முன்பாகம் துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டதாம். இஞ்சின் கொட்டாய் பிட்டர் செல்லப்பன்தான் கம்பி விட்டுத் தட்டி அதை வெளியே எடுத்து, வால்துண்டை அவளிடம் கொடுத்தார். பின்பாகம் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. அதைத் தேய்த்துப் பார்த்தாள். அறுந்த விளிம்பு கத்தியால் சுற்றி வெட்டியதுபோல ஒரே சீராக இருந்தது. வெடித்துச் சிதறினால் இப்படியா அறும்? தாறுமாறாக அல்லவா கிழியும்?

அடுத்த கூட்டை எடுத்தாள். கறுப்பு போய்ப் பித்தளை பளிச்சிட்டபோது, வாலிலிருந்து ஒரு விரற்கடை மேலே, கிண்ணம் அறுந்த அதே உயரத்தில், கூட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. புளியை இன்னும் கொஞ்சம் வைத்துத் தேய்த்தாள். கோடு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கொண்டை ஊசியை உருவி, முனையைச் சற்றே மடக்கி, கூட்டின் வாய்வழியாக உள்ளே விட்டு, சுவரை ஒட்டி மேலே இழுத்தாள். கோடு இருந்த இடத்தில் ஊசி 'டக்'கென்று தட்டியது. உள்ளே ஒரு பள்ளம்!

அப்புறம் அவளை யார் பிடிப்பது? பதினோரு கூட்டையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக ஊசி விட்டாள். ஏழில் வழவழவென்று ஓடியது. நாலில் தட்டியது. வழவழப்பான ஏழிலும் ஊதுபத்திச் சாம்பல் அடியில் ஒட்டியிருந்தது. தட்டிய நாலில் சாம்பலே இல்லை. சரஸ்வதி பூசை, ஆயுத பூசைக்கென்று அவள் ஊதுபத்தி ஏற்றியது அந்த ஏழில்தான். நாலும் பூசைக்குப் பிறகு வந்தவை.

"இந்தாங்க, பூசைக்கு அப்புறம் துப்பாக்கிக்கு என்னமோ ஆயிருக்கு."

"சாமிக்கு வச்சா நல்லதுதான் ஆகும். நீ நோண்டாம இரு," என்றான் ஐயாசாமி, கட்டுப்போட்ட முகத்தைத் திருப்பாமல்.

அவளா இருப்பாள்? சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இஞ்சின் கொட்டாய்க்கு நடந்தாள்.

செல்லப்பன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கூட்டையும் ஊசியையும் வாங்கி, தானே நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தார்.

"அலமாக்! தங்கச்சி, இது இன்னொருக்கா சுட்டா இதே எடத்துல அறும்."

"அண்ணே, மண்ணு ஏறுனா இப்பிடி ஆகுமா?"

"மண்ணு ஏறுனா குழாய் வீங்கும், இல்ல பொளக்கும். நான் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், குழாய் சுத்தமா இருக்கு. தொரைகிட்டச் சொன்னேன். உன்னைக் கேக்கலன்னுட்டாரு."

"அப்ப பித்தளை ஏன் இப்பிடி இழுபடுது?"

செல்லப்பன் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். கேள்வி கேட்டால் அவருக்கும் பிடிக்கும். "போல்ட்டு தெரியுமில்ல? பின்பக்கம் இழுத்துத் தள்ளுற இரும்புத்தண்டு. தோட்டா உள்ள உக்காந்ததும் அதுதான் பின்னாலேருந்து கதவு மாதிரி அடைக்கணும். தோட்டாவோட வாலுக்கும் போல்ட்டு மூஞ்சிக்கும் நடுவுல எடம் இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னு வச்சுக்கோ, வெடிக்கறப்ப என்ன ஆகும்? கூட்டோட முன்பக்கம் உப்பி, குழாய்ச் சுவத்தக் கெட்டியாப் புடிச்சுக்கும், நகராது. வாலு மட்டும் பின்னால ஓடிப் போல்ட்டுல முட்டும். நடுவுல இருக்கற பித்தளை பாவம், என்ன செய்யும்? ரொட்டி மாவு மாதிரி இழுபடும். தொரை அதையே எடுத்து மறுபடி மருந்து அடைக்கறாரு. மறுபடி இழுபடும். மூணாந்தரமோ நாலாந்தரமோ புட்டுக்கும். நெருப்பு பின்னால வரும்."

"அந்த எடம் ஒரே நாள்ல வருமா?"

"சேச்சே! தேஞ்சு தேஞ்சு வருசக்கணக்குல வரும்."

"ஆனா பூசைக்கு முந்தி கோடே இல்லியே, அண்ணே."

செல்லப்பன் மண்டையைச் சொறிந்தார். "அதான் எனக்கும் புரியல," என்றார். பாவம், அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர்.

திரும்பும் வழியில் தண்ணீர்க் குழாயடியில் புஷ்பவள்ளி நின்றிருந்தாள். துரை பங்களாவில் ஆயா வேலை பார்ப்பவள், வாயைத் திறந்தால் பங்களா முழுவதையும் கொட்டிவிடுவாள்.

"அக்கா, அண்ணன் கண்ணு எப்பிடி இருக்கு? எங்க தொரை நேத்து அவரு துப்பாக்கிய எடுத்து வச்சுக்கிட்டு ஒரே ஏச்சு. நம்ம சாமியத்தான் ஏசறாரு."

"சாமிய ஏன் ஏசணும்?"

"பூசைக்கு வாங்கிட்டுப் போனதுலேருந்து போல்ட்டு இறுகுதாம். தோட்டா போட்டா மூட மாட்டேங்குது, உள்ளங்கையால அடிச்சுத்தான் மூடறாரு. உங்க சந்தனத்தைப் பூசிக் கெடுத்துட்டீங்கன்னு சமையல்காரனப் புடிச்சுத் திட்டறாரு. அவன் என்னா செய்வான், சீனன்!"

வெள்ளையம்மாள் அப்படியே நின்றாள். அங்கே இறுகுகிறது. இங்கே இடம் விடுகிறது. இரண்டும் ஒரே நாளிலிருந்து.

பூசைத் தாம்பாளம் அவள் கண்முன்னே வந்தது. ஆயுத பூசைக்குத் தோட்டத்தில் இருக்கிற அத்தனை இரும்பும் சாமி முன்னால் வரும். உளி, பாராங் கத்தி, மண்வெட்டி, இஞ்சின் கொட்டாய் ஸ்பானர் வரைக்கும். துப்பாக்கி இல்லாமல் பூசையா என்று கேட்டுத்தான் இரண்டையும் வாங்கினார்கள். கூட்டத்தில் எவனாவது விளையாடிவிடுவான் என்று துரை இரண்டின் போல்ட்டுகளையும் உருவித் தனியாகக் கொடுத்தார். இரண்டு போல்ட்டையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரே தாம்பாளத்தில் அருகருகே வைத்து, சந்தனம் குங்குமம் இட்டது வெள்ளையம்மாள். பூசை முடிந்து, பூசணிக்காய் உடைக்க ஐயாசாமி ஓடினான். "போல்ட்டத் தொடச்சு மாட்டி வையி, நோண்டத்தான் உனக்குத் தெரியுமே," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அவளும் ஆசை ஆசையாக மாட்டினாள். இரண்டும் இழைத்தாற்போல உள்ளே போயின. எது எதற்கு என்று அவள் பார்க்கவே இல்லை. உளிக்கு உளி பிடி மாற்றினால் யாருக்கு என்ன கேடு? துப்பாக்கிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

அவன் கண்ணைக் கெடுத்தது அவள் கை. குழாயடியில் குந்தி உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "என்னக்கா, என்னக்கா?" என்று புஷ்பவள்ளி உலுக்கினாள். வெள்ளையம்மாளுக்கு அழக்கூட வரவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. லாரி ஏறவேண்டும், அவ்வளவுதான். ஊர் போய்ச் சேர்ந்தாலும் அவள் பக்கத்தில் ஐயாசாமி இருப்பான். சொன்னால்? வீடு தங்கலாம், புருஷன் தங்குவானா என்பது நிச்சயமில்லை. அன்றைக்கு அவனுக்குக் கட்டு மாற்றியபோது இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தாள். இரண்டு தடவையும், "வலிக்குதா?" என்றுதான் வந்தது.

"நான் பாக்காமத்தான் சுட்டிருக்கேன் வெள்ள," என்றான் அவன். "இப்ப நல்லா ஞாபகம் வருது."

வராத ஞாபகத்தை வரவழைத்துக்கொண்டு அவன் பேசியதைக் கேட்டதும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையில் நின்றார்கள். கடைசிப் பெரட்டு என்று ஐயாசாமியும் ஓரமாக வந்து நின்றான். கிராணி பெயர் வாசித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, வெள்ளையம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்து, துரைக்கு முன்னால் துணியை விரித்துக் கூடுகளை வைத்தாள்.

"என்னா இது?" என்றார் துரை. இருபது வருஷமாகத் தோட்டத்தில் பேசிப் பழகிய தமிழ் அது.

"தொரை, ஐயாசாமி மேல தப்பு இல்லீங்க. குழாயில மண்ணு இல்லீங்க."

"மண்ணுதான். நான் பாத்தாச்சு. போ, போ."

"மண்ணு இருந்தா குழாய் வீங்கியிருக்கணுமே தொரை. வீங்கலியே. இந்த ஊசிய உள்ள விட்டு இழுத்துப் பாருங்க, தொரை. ஒரு தரம் மட்டும்."

கொண்டை ஊசியைப் பார்த்துக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துரைக்கும் சிரிப்பு வந்தது. விளையாட்டுக்குப் போல வாங்கி, கூட்டுக்குள் விட்டு இழுத்தார். மறுபடி இழுத்தார். சிரிப்பு போய்விட்டது. கூட்டைக் கண்ணருகே கொண்டுபோய்க் கோட்டைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். சாம்பல் ஒட்டிய பழைய கூட்டில் ஊசி வழுக்கிக்கொண்டு வந்தது. "அது பூசைக்கு முந்தினது தொரை, தட்டறதெல்லாம் பூசைக்கு அப்புறம் வந்தது," என்றாள். கறுப்பேறிய கூட்டில் மருந்து அடைக்கத்தான் அவருக்குத் தெரியும், புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தவர் இல்லை.

"ரெண்டு துப்பாக்கியும் கொண்டா," என்றார்.

கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டின் பிடியிலும் குட்டியாக ஒரு எண் வெட்டியிருந்தது. துப்பாக்கி உடம்பிலும் அதே எண் இருக்க வேண்டும். துரை ஒன்றை வாசித்தார், மற்றதை வாசித்தார். அவர் காது மடல் சிவந்தது. பேசாமல் இரண்டு போல்ட்டையும் உருவி, இடம் மாற்றிப் போட்டு, தன் துப்பாக்கியில் ஒரு தோட்டாவை வைத்து மூடினார். மூன்று மாதமாக அடித்து மூடிய போல்ட்டு, பிள்ளை கை வைத்தாலும் மூடும் போல மெதுவாக மூடிக்கொண்டது.

"யார் மாத்தினது?"

செல்லப்பன் தரையைப் பார்த்தார்.

"நாந்தான் தொரை. பூசையன்னிக்குத் தொடச்சு மாட்டினேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டு, துரையைப் பார்க்காமல் ஐயாசாமியைப் பார்த்தாள். அவன் ஒற்றைக் கண் அவள்மேல் நின்றது, பிறகு தாழ்ந்தது.

துரை கொண்டை ஊசியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று மாதமும் எண்ணைப் பார்க்காமல் சந்தனத்தை ஏசியவர், வேறு என்ன பேச முடியும்? "இனி பூசைக்குத் துப்பாக்கி கெடயாது," என்றார். பிறகு கிராணியிடம், "லாரி லிஸ்ட்டுல அந்த ரெண்டு பேர வெட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வீடும் ஜாகா வேலையும் மிஞ்சின. பேச்சு நின்றுபோனது. ஐயாசாமி அடிக்கவில்லை, ஏசவில்லை. வைத்த சோற்றைத் தின்றான், கட்டு மாற்ற முகத்தைக் காட்டினான், வாய் மட்டும் திறக்கவில்லை. ஏசிவிட்டால்கூட நிம்மதி என்று வெள்ளையம்மாள் சாமி படத்திடம் முறையிட்டாள். பத்தாவது நாள் டிரஸர் கட்டைப் பிரித்தார். வலது கண்ணில் பால் ஊற்றினதுபோல ஒரு படலம். வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்றார். அன்று மாலையிலிருந்து ஐயாசாமி துப்பாக்கியை இடது தோளில் வைத்துக் குறிபார்க்கப் பழகினான். அவன் குறி தடுமாறுவதைக் கதவுச் சந்து வழியாக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாசி பிறந்து ஒரு காலையில் கன்றுக்காட்டுப் பக்கம் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பால்வாளியோடு திரும்பிய வெள்ளையம்மாள் அடுப்படியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஐயாசாமி உள்ளே வந்து, பையிலிருந்து இன்னும் சூடு ஆறாத ஒரு கூட்டை எடுத்து நீட்டினான்.

"பாரு," என்றான். அத்தனை நாளில் முதல் சொல் அது.

அவள் கை நீளவில்லை. "என் மேல கோவம் இல்லியா?"

"இல்லாம? கண்ணு போயிருக்கு. இருக்கத்தான் செய்யும்." அவன் அம்மிமேல் உட்கார்ந்தான். "ஆனா நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, நாந்தான் பாக்காம சுட்டேன்னு நானே நம்பிக்கிட்டு ஊர் போயிருப்பேன். அங்க போயி செத்தாலும் அப்பிடித்தான் செத்திருப்பேன். ஞாபகம் வருதுன்னுகூடச் சொன்னேனே, மூதேவி, அப்பவாச்சும் என்னை ரெண்டு போட்டிருக்கக் கூடாதா நீ?"

வெள்ளையம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. குழாயடியில் வராத அழுகை அத்தனையும் வந்தது. அவன் தடுக்கவில்லை. ஓய்ந்ததும், கூட்டை மறுபடி நீட்டினான்.

அவள் புளி கரைக்கக்கூடப் பொறுக்கவில்லை. முந்தானையில் துடைத்தாள், கொண்டையிலிருந்து புது ஊசி ஒன்றை உருவி முனையை மடக்கினாள், உள்ளே விட்டு மெதுவாக இழுத்தாள்.

"தட்டுதா?"

இன்னொரு பக்கம் திருப்பி இழுத்தாள்.

"இல்லீங்க. தட்டல."

"அப்ப கத்திய எடு. பன்னி பெருசு. செல்லப்பன் வெளிய நிக்கறாரு, அவருக்குக் கோப்பி போடு."